மூன்று முறை இறக்கிய இஞ்சின்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கப்பா குத்தம்பாக்கத்தில் பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டினவர். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற இடத்தில், நாலு சவுக்குக் கட்டையும் ஒரு தார்ப்பாயும் வைத்து ஷெட் போட்டேன். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்தை நானே கடப்பாரை பிடித்துத் தோண்டினேன். இஞ்சின் தூக்கும் செயின் பிளாக் இல்லாத காலத்தில் மூன்று கட்டையை முக்காலியாகக் கட்டிக் கயிறு போட்டுத் தூக்கினேன். சீமையிலிருந்து வந்த பழைய கார்களுக்கு ஸ்பேர் கிடையாது என்று பெரிய பெரிய கடைக்காரர்கள் கையை விரித்தபோது, கார்க் ஷீட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி கேஸ்கட் செய்தவன் நான். நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, எந்த வால்வு தட்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவனும் நான்தான். அம்பத்தூரில் ஒன்று, ஆவடியில் ஒன்று, வேலப்பன்சாவடியில் ஒன்று என்று மூன்று ஷெட் எழுப்பினேன். எந்த மகராசனும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. இதையெல்லாம் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்?

நம் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் வீட்டுக்கு வந்தபோது, "துரைக்கண்ணு பவுடரைப் பற்றி எழுதுங்க ஐயா" என்று கேட்டீர்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று பிடிபடாத இஞ்சினைத் துடைத்துக் காயவைத்து, மேலெல்லாம் முகத்துக்குப் பூசுகிற பவுடரைத் தூவி, ஓடவிட்டுப் பார்ப்பது. முதலில் எங்கே ஈரம் படர்கிறதோ அங்கே கோளாறு. இந்த வட்டாரத்தில் எல்லாரும் அதை என் பெயரைச் சொல்லித்தான் செய்கிறீர்கள்.

எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்த்தபடி இருக்காது.

எண்பதுகளின் கடைசி. அப்போது இருந்தது அம்பத்தூர் ஷெட் ஒன்றுதான். பூந்தமல்லியிலிருந்து ஒரு டாக்டரம்மா தன் அப்பாவின் காரை என்னிடம்தான் கொண்டுவருவார். ஐம்பதுகளில் கப்பலில் வந்த வண்டி. கறுப்பு நிறம், உருண்டை முகம். அந்தம்மா அதை ஊர்வலத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. திருமழிசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமங்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்க அதை ஓட்டிக்கொண்டுதான் போவார். தன் வண்டியின் இஞ்சினில் என் ஷெட்டுக் கை தவிர வேறு கை படக்கூடாது என்பார். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

என்னிடம் எட்டு வருஷமாக வேலை பார்த்த ஃபிட்டர் ஏகாம்பரம். பட்டாபிராமிலிருந்து தினமும் ரயிலேறி வருவார். பேச்சு குறைவு. ஒழுகின ஆயிலை விரலில் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார். அன்றைக்கு அவரை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் வருகிறது.

அந்த வருஷம் வேலப்பன்சாவடியில் ஹைவே ஓரமாக இரண்டாவது ஷெட்டுக்கு இடம் பிடித்திருந்தேன். தை மாதம் திறப்பது, ஏகாம்பரத்தின் பொறுப்பில் விடுவது என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தேன். பெயிண்டரைக் கூப்பிட்டு போர்டும் எழுதியாகிவிட்டது. என் பெயருக்குக் கீழே, 'பொறுப்பு: ப. ஏகாம்பரம்'. அந்தப் போர்டு ஷெட்டுக்குள் சுவரோரம் சாய்ந்திருந்தது. காலையில் வந்ததும் சட்டையை மாட்டிவிட்டு, ஏகாம்பரம் முதலில் அந்தப் போர்டின் தூசியைத் துடைப்பார். அவர் அப்பாவும் கூலிக்கு நாற்று நட்டவர்தான். தன் பெயர் ஒரு போர்டில் ஏறுவது அவருக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வாடிக்கை வண்டிகள் எல்லாம் ஷெட்டில் வந்து நிற்கும். கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்புவோம். துடைக்கத் துணி போதாமல் என் பழைய காக்கிச் சட்டை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். டாக்டரம்மா வண்டியை மட்டும் நானே கழுவினேன். இஞ்சின் அப்பழுக்கில்லாமல் மின்னியது.

பத்துப் பன்னிரண்டு நாளில் வண்டி திரும்பி வந்தது.

"மேஸ்திரி, எங்க வாசல்ல இப்பல்லாம் நான் கோலம் போட வேண்டியதே இல்ல. இந்த வண்டியே போட்டுடுது" என்றார் டாக்டரம்மா. அடியில் பார்த்தேன். இஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்தும்மா?"

"பூஜை போட்டு எடுத்துட்டுப் போனேன்ல, அந்த வாரத்திலேர்ந்துதான்."

நான் சிரித்தேன். "பூஜை போட்டா சாமி ஆயில் ஊத்துமா? வயசான இஞ்சின் டாக்டரம்மா. பின்னாடி சீல் போயிருக்கும். இறக்கி மாத்திடலாம்."

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். அந்தம்மா சரியான பதிலைச் சொன்னார். அந்தப் பதிலை வைத்து ஒரு வேடிக்கை பேசிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். கேள்வி கேட்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். காதில் வாங்கத் தெரியவில்லை.

பின் சீல் என்பது கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயில் ஒழுகாமல் தடுக்கிற வளையம். அதைத் தொட இஞ்சினையே இறக்கியாக வேண்டும். ஏகாம்பரம் இறக்கினார், மாற்றினார், ஏற்றினார். ஒரு வாரத்தில் மறுபடி சொட்டியது. இரண்டாம் முறை நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கையில் ஒரு பிசகும் இல்லை. மறுபடி சொட்டியது.

பக்கத்து லேத் பட்டறை கன்னியப்பனுக்குக் கொண்டாட்டம். "இன்னா மாமே, டாக்டரம்மா காரு உன் ஷெட்டுக்கே குடித்தனம் வந்திடுச்சா? ஒரு ரேஷன் கார்டு போட்டுக் குட்த்துடு."

வரிசையில் இருந்த எல்லா ஷெட்டிலும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை ஏகாம்பரம் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தார். "ஊட்லேர்ந்து எடுத்துகினு வந்தேன் அண்ணாத்தே. என் சம்சாரத்துக்குத் தெரியாது."

"இஞ்சினுக்குப் பொண்ணு பாக்க வராங்களா?" என்றான் கன்னியப்பன்.

ஏகாம்பரம் இஞ்சினைத் துடைத்துக் காயவைத்து, டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி மேலெல்லாம் வெள்ளையாக்கினார். அதற்கு முன்னால் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்ததில்லை. ஓடவிட்டோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். என் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார்.

"பாரு அண்ணாத்தே. முன்னாடி செயின் மூடிகிட்ட ஈரம். இங்க, ஆயில் கம்பி சொருவுற ஓட்டைல ஈரம். பின்னாடியும் கீது. ஒரு சீல் கெட்டா ஒரு பக்கந்தான ஒழுவும்? இது எல்லாப் பக்கமும் ஒண்ணா வருது. உள்ள காத்து அடைச்சிக்கினு தள்ளுது. மூச்சுக் கொயாவுல ஒரு தபா கம்பி வுட்டுப் பாத்துடலாமா?"

இஞ்சின் ஓடும்போது பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை ஆயில் சட்டிக்குள் இறங்கும். அது வெளியேற அந்தக் காலத்து இஞ்சினில் ஒரு குழாய் பக்கவாட்டிலிருந்து கீழே தொங்கும். அதைத்தான் மூச்சுக் குழாய் என்போம். அந்த வண்டிக்கு மூச்சு விட வேறு வழி கிடையாது. அது அடைத்துக்கொண்டால், உள்ளே கட்டுகிற காற்று எந்தச் சந்து கிடைத்தாலும் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஆனானப்பட்ட சீலும் நிற்காது.

ஏகாம்பரம் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதைச் சொன்ன நேரத்தில் டாக்டரம்மா வாசலில் வந்து நின்றிருந்தார். கன்னியப்பன் இன்னும் போகவில்லை. பின் சீல்தான் என்று நான் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

"அந்தக் கொழாய நான் கழுவுனேன்" என்றேன். "பூஜைக்கு, என் கையால. அதுல குத்தம் கண்டுபுடிக்கிறியா நீ?"

"குத்தம் இல்ல அண்ணாத்தே. ஒரே ஒரு கம்பி..."

"எனக்குப் பாடம் எடுக்காத. இறக்கு. மூணாவது வாட்டியாவது ஒழுங்கா போடு."

அவர் பவுடர் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். இறக்கினார். மூன்றாம் முறை அந்த மனுஷன் சீலைப் போட்ட பொறுமையை நான் என் ஆயுசில் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. வண்டியை ஏற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து, ஓடவிட்டோம். டாக்டரம்மாவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"மேஸ்திரி, என்னை நம்பி மாசமா இருக்கிற பொண்ணுங்க இருக்காங்க" என்றார் அந்தம்மா, குரலை உயர்த்தாமல். "முடியலன்னா சொல்லிடுங்க. வித்துடறேன்."

முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயில் வந்தது வேறு.

"மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா. சீல் நல்ல சீல். போட்ட கை சரியில்ல."

ஏகாம்பரம் எழுந்து நின்றார். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் கையா அண்ணாத்தே?"

"பின்ன, என் கையா?"

அவர் மண்ணெண்ணெயில் கை கழுவினார். சட்டையை மாட்டினார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். சுவரோரம் இருந்த போர்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. ஷெட் லீவு. மத்தியானம் நான் மட்டும் போய்ப் பள்ளத்தில் இறங்கினேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு கம்பியின் முனையைக் கொக்கியாக வளைத்து மூச்சுக் குழாய்க்குள் விட்டேன். ஏதோ சிக்கியது. இழுத்தேன். ஆயிலில் ஊறிக் கறுத்துப்போன துணி, உருண்டையாக. பிரித்தேன். ஒரு சட்டையின் இடது கை. மணிக்கட்டில் பித்தான் அப்படியே இருந்தது. பிழிந்தபோது காக்கி நிறம் தெரிந்தது.

எங்கள் ஷெட்டில் காக்கி போடுகிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் லுங்கியும் பனியனும்.

அப்போதுதான் நினைவு வந்தது. தண்ணீர் பீய்ச்சும்போது உள்ளே போய்விடக் கூடாதென்று குழாயின் வாயில் துணியை நான்தான் திணித்தேன். நன்றாக, உள்ளே போக, கட்டை விரலால் அழுத்தித் திணித்தேன். கழுவி முடித்து உருவுவதற்குள் பூஜைக்குப் பூசணிக்காய் வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட்டார்கள். போனேன். அதோடு சரி.

வண்டியை ஓடவிட்டேன். சாயங்காலம் வரை ஓடியது. செய்தித்தாளில் ஒரு பொட்டு இல்லை. ஏகாம்பரம் மூன்றாம் முறை போட்ட சீல் அது. முதல் முறை போட்டதும் அப்படித்தான் நின்றிருக்கும்.

அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் ஐந்தாவது ஸ்டேஷன். அன்று சாயங்காலமே ரயிலேறியிருக்கலாம். ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன் என்பதும் உண்மை. ஒரு ரயில் வந்து நின்று போயிற்று. வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வது, அவர் சம்சாரம் என்ன கேட்பாள், திங்கட்கிழமை கன்னியப்பன் என்ன பாட்டுப் பாடுவான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம், "நானே நாலாவது வாட்டி இறக்கிப் போட்டேன்" என்றேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். "உங்க கை தனி மேஸ்திரி" என்றார். அந்தக் கார் அதற்குப் பிறகு பத்து வருஷம் ஒரு சொட்டு ஒழுகாமல் ஓடியது. அதைப் பார்த்துத்தான் பட்டணத்துப் பழைய கார்க்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். நான் பவுடரைத் தூவிக் காட்டினேன். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் சிரித்துவைத்தேன்.

கன்னியப்பன் அதற்குள் ஒரு சொல்லைக் கட்டிவிட்டிருந்தான். டீக்கடைக் குழாய் சொட்டினால், "ஏகாம்பரம் சீல் போட்டானா?" மழையில் கூரை ஒழுகினால், "ஏகாம்பரத்தக் கூப்டு, இன்னும் நல்லா ஒழுவும்." ஆவடி வரைக்கும் அந்தப் பேச்சுப் போயிற்று. எந்த ஷெட்டிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லி நான் நிறுத்தியிருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். தை மாதம் வேலப்பன்சாவடி ஷெட் திறந்தது. போர்டில் அவர் பெயரை மட்டும் அடித்துவிட்டு, மேலே பெயிண்ட் பூசி, 'எல்லாவித சீமைக் கார்களும் பழுது பார்க்கப்படும்' என்று எழுதினோம். சாய்வாக வெயில் விழும்போது அடியில் பழைய எழுத்து தெரியும். நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் கவனிக்காத நாள் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள். அந்த ஷெட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு காலேஜ் கேட். வாட்ச்மேன் எனக்கு வணக்கம் வைத்தார். நரைத்த தலை. வண்டியை நிறுத்தினேன்.

"நல்லா கீறியா அண்ணாத்தே?" என்றார் ஏகாம்பரம்.

"நல்லா இருக்கேன். நீ எப்படிப்பா இருக்கே?"

"இன்னா, கேட்டத் தொறக்கறேன், மூடறேன். இதுல ஒழுவறதுக்கு ஒண்ணும் இல்ல." சிரித்தார். பிறகு கிட்டே வந்து, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார். "அண்ணாத்தே, அந்த டாக்டரம்மா வண்டி. நான் போனப்புறம் நீ போட்டியாமே, நின்னுடுச்சாமே. நான் எங்க தப்பு பண்ணேன்? மூணு தபா போட்டேன். இங்க சும்மா குந்திகினு இருக்கறப்பல்லாம் கையில போட்டுப் போட்டுப் பாக்கறேன். புடிபடல. சொல்லேன், தெரிஞ்சிக்கறேன்."

கோபத்தோடு கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் தொழில் தெரிந்துகொள்ளக் கேட்டார். கேட்டை மூடுகிற வேலைக்குப் போய் இத்தனை வருஷம் கழித்தும், தன் கையில் என்ன குறை என்று தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பழைய வண்டிப்பா" என்றேன். "அதுங்க அப்படித்தான்."

"ஆமா" என்றார். "அப்பிடித்தான் இருக்கும்."

அடுத்த முறை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அந்தக் கேட்டைப் பல தடவை தாண்டினேன். பிறகு ஒருநாள் வேறு ஆள் நின்றார். விசாரித்தேன். மஞ்சள் காமாலை, இருபது நாளில் போய்விட்டார் என்றார்.

அன்றைக்குத்தான் பட்டாபிராம் ரயிலில் ஏறினேன். ஏகாம்பரத்தின் சம்சாரம் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, பித்தான், குழாய், போர்டு. ஒன்றையும் விடவில்லை. அந்தம்மா அழுவார், இல்லை திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன்.

"என் பவுடர் டப்பாவத் தூக்கிகினு போனாரே, அந்த வண்டியா?" என்று கேட்டார்.

"அதேதாம்மா."

"அந்த ஆளு கை சரியான கைன்னு எனக்குத் தெரியும் மேஸ்திரி. என்னாண்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? அவருக்குத்தான் தெரியாமயே பூட்டுது. சிரிச்சாங்களே, அவங்களுக்குத் தெரியாது. அவங்களாண்ட போய்ச் சொல்லுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து இத்தனை வருஷம் ஆகிறது. சொல்லவில்லை. கன்னியப்பனும் போய்விட்டான். சிரித்தவர்களில் பாதிப் பேர் இல்லை. ஆனால் அவர்கள் பிள்ளைகள் இந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள். ஒழுகுகிற குழாயைப் பார்த்து "ஏகாம்பரம் சீல்" என்று நீங்களும் சொல்கிறீர்கள், அது யார் என்று தெரியாமலே. போன மாதம்கூட என் காதில் விழுந்தது.

தொழில் சம்பந்தமாக என்னிடம் பாடம் கேட்டால் ஒன்றுதான் இருக்கிறது. ஆயில் வெளியே வருகிற இடம் வேறு, கோளாறு உட்கார்ந்திருக்கிற இடம் வேறு. வண்டியில் கடைசியாகக் கை வைத்தது யார் என்று முதலில் கேளுங்கள். அது நீங்களாக இருந்தால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஆரம்பியுங்கள். கம்பி விட்டுப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இனி மலரைப் பற்றி. பவுடர் வைக்கிற முறைக்கு என் பெயரைப் போடக் கூடாது. 'ப. ஏகாம்பரம், ஃபிட்டர், பட்டாபிராம்' என்று போடுங்கள். டாக்டரம்மா வண்டியின் பின் சீலைச் சரியாகப் போட்டவர் என்றும் போடுங்கள், மூன்று முறையும் சரியாகப் போட்டவர் என்று. அதற்காக என்னை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் நான் செய்ததை எவனாவது குறைத்து எழுதினால் நான் பொறுத்துக்கொண்டதில்லை, இப்போதும் பொறுக்க மாட்டேன். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அவர் பெயருக்குக் கீழே என் பங்கையும் அச்சடிக்க வேண்டும். 'மூச்சுக் குழாயில் துணி அடைத்தது: துரைக்கண்ணு, அம்பத்தூர்.'